துணி ரூமில் கடைசி ரவுண்டு

எங்கள் குடும்பத்தில் யாரும் வேலைக்குப் போனதில்லை. உழைக்காத குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பாவுக்கு முந்தினவர்கள் குண்டடத்துப் பக்கம் காட்டில் வெள்ளாமை செய்து பாடுபட்டார்கள். அப்பா பல்லடம் ரோட்டில் பனியன் கம்பெனி வைத்து அதைவிட அதிகமாகப் பாடுபட்டார். இன்னொருவரிடம் சம்பளத்துக்குக் கைகட்டி நின்றதில்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனால் முதல் கேள்வியே சொந்தத் தொழிலுங்களா என்பதுதான். வேலைக்குப் போகிறவன் என்று சொன்னால் வருகிற காபியில் சூடு கொஞ்சம் குறைந்திருக்கும்.

கம்பெனி படுத்த பிறகு ஷெட்டை மெஷின்களோடு வாடகைக்கு விட்டோம். எடுத்தவர் தூரத்துச் சொந்தம், நல்ல மனிதர். கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் அப்பாவின் நாற்காலியை அப்படியே விட்டுவைத்தார். மூடின புதிதில் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தே கிடந்தார். கூப்பிட்டால் எழுந்து சாப்பிடுவார், மறுபடி படுத்துக்கொள்வார். அந்த நாற்காலிக்காகத்தான் மறுபடியும் காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வண்டியை எடுக்க ஆரம்பித்தார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. துணியைத் தடவிப் பார்ப்பார், டீ குடிப்பார், சாயங்காலம் திரும்பி வருவார். அம்மாவும் நானும் அந்த நாற்காலியைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டோம். அது போனால் அவர் மறுபடி படுத்துவிடுவார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் எம்பிஏ படித்துவிட்டு அப்பாவோடு உட்கார்ந்து, கம்பெனி படுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு, மற்ற கம்பெனிகளுக்கு யோசனை சொல்கிற கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். முதல் ரவுண்டில், ஏதோ ஒரு ஏர்போர்ட்டில் காபிக் கடை நஷ்டத்தில் போகிறது, ஏன் என்று கேட்டார்கள். கடையையும் பார்த்ததில்லை, ஏர்போர்ட்டையும் சரியாகப் பார்த்ததில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன், தலையாட்டினார்கள். தேறிவிட்டதாகத் தகவல் வந்தபோது சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. அந்த வருடம் முழுவதும் நான் பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரிதான் இருந்தேன்.

கடைசி ரவுண்டு ஒரு பனியன் கம்பெனியில் நேரடியாக நடக்கும் என்றார்கள். சுற்றிப் பார்த்து என்ன தப்பு என்று சொல்ல வேண்டும். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. கார் பல்லடம் ரோட்டிலிருந்து எங்கள் சந்துக்குள் திரும்பியபோது தெரிந்துவிட்டது. இது எங்கள் ஷெட் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னொரு நாள் என்பார்கள், அந்த நாள் வராது. அவர்களோடு இறங்கி உள்ளே நடந்தேன். என்னைப் பரீட்சை செய்ய வந்தவர்கள் இரண்டு பேர்: தலை நரைத்த ஒரு மேலதிகாரி, என்னைவிட வயதில் சின்னவராகத் தெரிந்த ஒரு பெண். வாடகைக்கு எடுத்தவர் அன்று வெளியூர். மேனேஜர் தெக்கத்திக்காரர், புதியவர். டைலர்கள் எல்லோரும் வடக்கே இருந்து வந்தவர்கள். என்னைத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை.

எனக்கும் அந்த இடத்தை அடையாளம் தெரியவில்லை. எல்லார் முகத்திலும் மாஸ்க். நடைபாதையில் ஒரு பண்டில் கிடையாது. முதலுதவிப் பெட்டியில் நிஜமாகவே பஞ்சு இருந்தது. யோசனை சொல்ல ஆட்கள் வருகிறார்கள் என்று முதலாளி போனில் சொன்னதை மேனேஜர் ஆடிட் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஷூ போட்டு, கையில் டேப்லெட்டோடு யார் வந்தாலும் எங்கள் ஊரில் அது, சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் கம்பெனி விதிப்படி நடக்கிறதா என்று பார்க்க அனுப்பிய ஆடிட்தான். ஒரு டைலரிடம் ஏதாவது குறை உண்டா என்று அந்தப் பெண் இந்தியில் கேட்டார். பாடம் பண்ணிவைத்ததை டைலர் முழுசாக ஒப்பித்து முடித்த பிறகுதான் நிறுத்தினார்.

கட்டிங் டேபிள் பக்கத்தில் நாற்காலியைக் காணோம். அப்பாவை டீக்கடைக்கு அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். படித்த பாடப்படி சரக்கு உள்ளே வருகிற இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று சொல்லி, துணி ரூமுக்குப் போனேன். அந்த இரும்புக் கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். தூக்கித் தள்ளினேன்.

துணி ரோல்களுக்கு நடுவே, லைட் கூடப் போடாமல், தன் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் பாக்ஸ். கம்பெனிக் கணக்கில் பேர் இல்லாத ஆட்களை ஆடிட் முடியும்வரை துணி ரூமில் உட்காரவைப்பது எங்கள் ஊர் வழக்கம். அப்பாவே அவர் காலத்தில் எத்தனையோ பேரை உட்காரவைத்தவர்.

என்னைப் பார்த்தார். பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“ஐயா, நீங்க யாரு?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“ரோல் எறக்க வந்தேனுங்க. கூலிக்கு,” என்றார் அப்பா. என் பக்கம் திரும்பவே இல்லை.

வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லை. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கதவைச் சாத்தினேன். அழுகை வந்திருக்க வேண்டிய இடம் அது, வரவில்லை. கீலுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

பிறகு மேனேஜர் அறையில் உட்கார்ந்து, தையல் லைனில் என்ன தப்பு, எங்கே பீஸ் தேங்குகிறது என்றெல்லாம் சொன்னேன். நரைத்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, துணி ரூமில் இருந்தவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றார். கணக்கில் இல்லாத ஆள், நிஜ ஆடிட்டில் சிக்கினால் ஆர்டரே போய்விடும், ஒன்று பேரைக் கணக்கில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விடக் கூடாது என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. இதுவரை இந்தப் பரீட்சைக்கு வந்தவர்களில் அந்தக் கதவைத் திறந்தது நீங்கள் ஒருவர்தான் என்று கைகொடுத்தார். வேலை கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும், என்னைப் பத்தி என்ன சொன்னே என்று கேட்டார்.

“உங்கள உள்ள விடக் கூடாதுன்னு சொல்லிட்டேனுங்கப்பா.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“செரியாத்தான் சொல்லியிருக்கற கண்ணு,” என்றார் அப்பா. இன்னும் கொஞ்சம் ரசம் வாங்கிக்கொண்டார். மறுநாள் குளிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நான் வேலை உத்தரவை அவர் கால்மாட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் நிறுவனத்தின் யோசனைகள் வாடகைக்கு எடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் வீட்டுக்கு வந்தார். காபி டம்ளரை உருட்டிக்கொண்டே நேரம் கடத்தினார். கடைசியில், “தப்பா எடுத்துக்காதீங்ணா, உள்ள வரோணும்னா பேர் ஏத்தோணும்ங்கறாங்க. ஹெல்பர் போஸ்ட்தான் இருக்குது,” என்றார். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டார்.

அப்பாவின் ஹெல்பர் கார்டு வந்த அதே வாரம் என்னுடைய ஐடி கார்டும் வந்தது. வாசல் பக்கம் வண்டிச் சாவி மாட்டுகிற ஆணியில் அம்மா இரண்டையும் சேர்த்து மாட்டிவைத்தாள். முதல் நாள் காலையில் அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, என் கார்டைத் திருப்பிப் பார்த்தார். கன்சல்டன்ட் என்று மெதுவாக வாசித்தார்.

“சனிக்கிழமை உனக்கு லீவா?” என்று கேட்டார்.

“லீவுதானுங்கப்பா.”

“எனக்கில்ல,” என்று சொல்லிவிட்டு, தன் கார்டை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வண்டியை வெளியே தள்ளினார்.