ஏரிக்கரைக் கல்லறையில் அத்தான்

லண்டன் எட்மண்டனில் அக்கா வீட்டு விருந்தில் அந்த வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து, அத்தானை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அத்தான் அக்காவின் கணவர். பல வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து வியாபாரம் செய்பவர். போன வசந்தத்தில் கடைக்குச் சாமான் பார்க்கச் சீனாவுக்குப் புறப்பட்டார். ஹாங்சோ நகருக்கும் போவதாக அக்கா சொன்னாள். நான் வேலை செய்யும் பல் கிளினிக்கில் என்னோடு வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு அதுதான் சொந்த ஊர்.

அவளிடம் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "ஏரிக்கரையில், பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. கட்டாயம் பார்க்கச் சொல்" என்றாள். பிறகு, வேலையை மறந்து, அங்கே கிடப்பவளின் கதையைச் சொன்னாள். வெகு காலத்துக்கு முன் வாழ்ந்தவள், ஆண்கள் கூடும் இடங்களில் பாடிப் பிழைத்தவள், கவிதையும் எழுதினாள். ஓர் ஏழை மாணவனுக்கு வழிச்செலவு கொடுத்து அரசாங்கப் பரீட்சைக்கு அனுப்பினாள். அவன் பதவியோடு திரும்பி வந்தபோது அவள் செத்துக் கிடந்தாள். இருபது வயதுகூட ஆகியிருக்காது. அவள் ஆசைப்பட்டபடியே அவன் அவளை ஏரிக்கரையில் அடக்கம் செய்தானாம்.

"என் அம்மா சிறுமியாக இருந்தபோது அந்தக் கல்லறையை அடித்து நொறுக்கினார்கள். பல வருடம் கழித்துத்தான் திரும்பக் கட்டினார்கள்" என்றாள்.

இதையெல்லாம் நான் அத்தானுக்குப் போனில் சொன்னேன். "ஓம் ஓம், பாக்கிறன்" என்றார்.

பார்க்கத்தான் செய்தார். விருந்தன்று போனை டீவியில் இணைத்து எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். ஆறு தூண் வைத்த மண்டபம். நடுவே கல்லால் மூடிய வட்டமான மேடு. அத்தான் அதன்மேல் காலை அகட்டி ஏறிக் குந்தியிருந்தார். கல்லைத் தடவினார். குனிந்து கட்டிப்பிடித்து முத்தமிடுவதுபோல் சத்தம் எழுப்பினார். "இஞ்ச பாருங்கோ, என்ர சின்ன வீடு!" ஓரத்தில் ஒரு சீனக் கிழவி கையில் பூவோடு, அவர் எப்போது இறங்குவார் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

விஸ்கிக் கிளாசோடு இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அண்ணை, இன்னொருக்காப் போடுங்கோ!" அவரும் போட்டார்.

அதே அறைச் சுவரில் அத்தானின் தம்பியின் படம் மாலையோடு தொங்குகிறது. ஈழப் போரில் இயக்கத்துக்காகச் செத்தவர். அவரைப் புதைத்த மாவீரர் துயிலுமில்லத்தை இலங்கை ஆமி புல்டோசரால் உழுதுவிட்டது. ஒவ்வொரு கார்த்திகையும் மாவீரர் நாளுக்கு லண்டன் மண்டபத்தில் விளக்கேற்றும்போது அத்தான் தேம்பித் தேம்பி அழுவார். நானே அவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறேன்.

"அத்தான், உங்கட தம்பியின்ர கல்லறையில ஆரும் இப்பிடி ஏறிக் குந்தினா என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

அத்தான் கிளாசை வைத்தார்.

"என்ன கதைக்கிறாய்? அவன் நாட்டுக்காகச் செத்தவன். இவள் ஆடிப்பாடித் திரிஞ்ச வேசை. அதுவும் இதுவும் ஒண்டோ? உள்ளுக்கு எலும்புகூட இல்லையாம். உடைச்சுப்போட்டுத் திருப்பிக் கட்டினது."

"தம்பியின்ரயும் உடைச்சதுதானே."

அவர் வாய் திறப்பதற்குள், குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அக்கா வந்தாள். "அவள் கேட்டதில என்ன பிழை?" என்றபடி டீவியின் வயரைப் பிடுங்கினாள்.

"சும்மா பகிடிக்குச் செய்ததடியப்பா" என்று அத்தான் சிரித்தார். மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். வீடியோவைவிட அந்தச் சிரிப்புத்தான் அருவருப்பாக இருந்தது. சாப்பாட்டைத் தொடாமல் வெளியே வந்துவிட்டேன். அக்கா பஸ் ஸ்டாப் வரை வீட்டுச் செருப்போடு ஓடி வந்தாள். பஸ் வரும் வரை என்னோடு நின்றாள்.

திங்கட்கிழமை கிளினிக்கில் அந்தப் பெண், அத்தான் கல்லறையைப் பார்த்தாரா என்று ஆவலோடு கேட்டாள். உண்மையைச் சொல்ல வாய் கூசியது. மழையாம், போகவில்லையாம் என்று சொல்லிவிட்டேன்.

மாவீரனை வேசையோடு ஒப்பிட்டவள் நான் என்று அத்தான் சொந்தக்காரர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். குரோய்டனில் இருக்கும் மாமியும் போன் எடுத்து ஏசினார். வீடியோவைப் பற்றி மாமி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது அக்காதான் நான் இருக்கும் மனோர் பார்க்குக்கு என்னைப் பார்க்க வருகிறாள். அந்த வீட்டுப் படியை நான் மிதிப்பதில்லை.