பத்திரம் அண்ணன் மாட்டிய ஒயர்

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. தொலைத்தொடர்பு அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் பத்திரம் அண்ணன். வாயைத் திறந்தால் "பத்திரம், பத்திரம்" என்பார். கேபிளைக் கருவியில் இணைக்கும் முன் வாட்ச்சையும் மோதிரத்தையும் கழற்றிப் பையில் போடுவார். மின்சாரத்தை அணைப்பார். அணைந்துவிட்டதா என்று டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். அப்புறம் டெஸ்டர் சரியாக இருக்கிறதா என்று வேறு பார்ப்பார். கண்ணாடி இழைக் கேபிளின் முனையை யாராவது கண்ணுக்கு நேரே பிடித்தால் போதும், உள்ளே ஓடும் ஒளி பார்வையைக் கெடுத்துவிடுமே எனக் குய்யோ முறையோ என்று கத்தித் தீர்ப்பார். எல்லாவற்றுக்கும் மேலே அவரிடம் ஒரு சட்டம் இருந்தது: எந்த முனையும் சும்மா தொங்கக் கூடாது. ஒன்று மூடி போடு, இல்லையென்றால் மாட்டு.

பக்கத்து வீட்டு டீச்சர் இணைய ஒயரை ஷூ லேஸால் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணன் நின்றுவிடுவார்.

"என்னைக்காவது கழுத்தறுக்கப் போகுது டீச்சர்."

"அதுபாட்டுக்கு ஓடுதுண்ணே," என்பார் டீச்சர்.

மகளுக்கு ஒரு நேர்காணல் வந்தது. வீட்டிலிருந்தே, லேப்டாப்பில். ஏற்கெனவே மூன்று கம்பெனிகள் கைவிரித்திருந்தன. இதுவும் போனால் பிள்ளை உடைந்துபோவாள் என்று பெற்ற மனம் பதறியது. லீவு போட்டார். காலையிலேயே ரூட்டரைச் சுற்றிக் கிடந்த ஒயர்களை ஒழுங்காகச் சுருட்டி, மேஜைக்குப் பின்னால் கிளிப் அடித்தார்.

"நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் மனைவி.

"நல்லா இருக்கிறது வேற, பத்திரமா இருக்கிறது வேற."

நேர்காணல் ஜோராகத் தொடங்கியது. உள்ளறையில் மகளின் குரல் தெளிவாக, தைரியமாகக் கேட்டது. காவலுக்கு உட்கார்ந்திருந்த அண்ணனின் கண்ணில் அப்போதுதான் அது பட்டது. மேஜையோரம் ஒரு நீல ஒயரின் முனை தொங்கிக்கொண்டிருந்தது. மனிதருக்குப் பொறுக்குமா? ரூட்டரில் காலியாக இருந்த ஓட்டையில் அதை 'டக்' என்று மாட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார்.

"அப்பா! நெட் போச்சு!"

ரூட்டர் விளக்குகள் எல்லாம் ஒன்றுவிடாமல் படபடத்தன. உயிரோடுதான் இருக்கிறது, கோளாறு வெளியில்தான் என்று முடிவு கட்டினார். வாட்ச்சைக் கழற்றினார். மோதிரம் விரலை விட்டு வர மறுத்தது.

"சீக்கிரம்ப்பா, அங்க காத்துட்டு இருக்காங்க!"

"அவசரப்படாதம்மா. முதல்ல கரண்ட ஆஃப் பண்ணனும்."

அவர் டெஸ்டரை எடுப்பதற்குள் மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

அண்ணன் வெளியிலிருந்து ரூட்டருக்கு வரும் கண்ணாடி இழையின் முனையைத் துடைத்தார், மாட்டினார், மின்சாரம் கொடுத்தார். மறுபடியும் அதே படபடப்பு. இணையக் கம்பெனியைத் திட்டினார். ஒயரைக் கடித்திருக்கும் என்று எலியைத் திட்டினார்.

"கடைசியா ஒரு நீல ஒயர மாட்டுனீங்களே, அதோட இன்னொரு நுனி எங்க இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

விரலால் தடவிக்கொண்டே போனார். தானே அடித்த கிளிப்புகளைத் தாண்டி, மேஜையைச் சுற்றி, ஒயர் அதே ரூட்டருக்கே வந்து சேர்ந்தது. இரண்டு முனையும் ஒரே பெட்டியில். அனுப்பியதெல்லாம் திரும்பத் திரும்ப உள்ளேயே வந்து வழியை அடைத்திருந்தது. புதுப் பையன்களுக்கு அவர் முதல் நாளே சொல்லித்தரும் தவறு இது. ஒயரைப் பிடுங்கினார். அவமானத்தில் காதுவரை சுட்டது.

"பத்திரமாத்தான் மாட்டியிருக்கீங்க," என்றாள் மனைவி.

டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே மகள் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கத்தில் யாரோ சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஷூ லேஸ் ஒயர் ஒரு வார்த்தையைக்கூட விழுங்கவில்லை. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, கண்ணும் கலங்கியது.

அப்போது பார்த்தார். டீச்சரின் ரூட்டருக்குப் பக்கத்தில் ஒரு முனை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கை தானாக எழுந்தது.

"அண்ணே," என்று கிசுகிசுத்தார் டீச்சர், "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கைய வைக்காதீங்க."

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மகள் பேசி முடிக்கும்வரை கையை அவிழ்க்கவே இல்லை.