ஓரம் கறுத்த தபால்

சாரல் பிடித்துவிட்டால் தென்காசியில் எதுவும் காயாது. துணி காயாது, விறகு காயாது, அச்சடித்த தாளில் மை காயாது. நான் அப்போது ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் ஒரு மரக்கடை, அதற்கும் முன் செங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடம், நடுவில் எங்குமில்லாமல் சில மாதங்கள். ஓரிடத்தில் ஒரு வருஷம் முழுசாகத் தங்கியதற்கு அத்தாட்சி கேட்டால் என்னிடம் கொடுக்க ஒரு துண்டுத் தாள் இருந்திருக்காது. அப்படிப்பட்டவன் தலையில்தான், இன்னொருத்தி ஓரிடத்தில் குடியிருந்ததற்கு அத்தாட்சி தேடி அலைகிற வேலை வந்து விழுந்தது. அந்த இன்னொருத்தி என் தங்கை.

அவளை இலங்கையில் கட்டிக்கொடுத்திருந்தோம். மலைமேல் ஒரு சிறிய ஊரில் மாப்பிள்ளைக்குக் கடை. சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நமக்கு வந்ததுபோல அவர்களுக்கும் வந்து, அங்கே இருக்கிற நம் ஆட்களில் யார் தங்குகிறவர், யார் வந்துபோகிறவர் என்று பிரித்துக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த நாட்டுப் பிரஜையாகப் பதிந்துகொள்ள மனுப் போடவேண்டும். மனைவியும் பிள்ளையும் அதில் சேரவேண்டுமானால் அவர்களும் அங்கேயே குடியிருப்பவர்கள் என்று காட்டவேண்டும். சேர்ந்தாற்போல ஒரு வருஷம் வெளியே இருந்துவிட்டால் அந்தக் குடியிருப்பு அறுந்துபோகும். விட்டு விட்டு வந்த காய்ச்சலோடு, நாலு வயசு மகளையும் தூக்கிக்கொண்டு தங்கை எங்கள் வீட்டுக்கு வந்து பத்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை எழுதியிருந்தார். மனுவில் அவள் கையெழுத்துப் போடவேண்டிய பக்கங்களைத் தபாலில் அனுப்புகிறேன், குழந்தையின் பிறப்புப் பத்திரத்தையும் கூட வைக்கிறேன், அதைப் பார்த்து ஊர், தேதி எல்லாம் பிசகாமல் நிரப்பி உடனே திருப்பி அனுப்பவும் என்று. அந்தப் பத்திரம் சும்மா ஒரு தாள் இல்லை. குழந்தை பிறந்த ஊர், பிறந்த நாள், தாயார் பெயர். அந்த நாட்டில் என் தங்கையின் பெயர் எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அதுதான். வேறு நகல் எடுக்கவும் வழியில்லை. உலகச் சண்டை முடிந்து அந்தப் பதிவு ஆபீஸ் இடம் மாறியபோது பழைய புத்தகங்கள் எங்கே போயினவென்று தெரியாமலே போயிற்று.

எங்கள் பக்கத்தில் சாவுக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலுக்கு வெளியே நின்று படிக்கவேண்டும், படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழையவேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் நாலு ஓரத்திலும் கறுப்புக் கட்டுவது. அந்தக் கறுப்பைக் கட்டுகிற வேலையைத்தான் நான் அச்சுக்கூடத்தில் செய்துகொண்டிருந்தேன். கீழப்பாவூரிலிருந்தும் சிவகிரியிலிருந்தும்கூட ஆட்கள் வருவார்கள். தடித்த ஈயக் கோடுகளை நாலு பக்கமும் வைத்து முடுக்கி, நடுவில் ஒரு மனிதரை இரண்டு அங்குலத்தில் அடக்கிவிடுவேன்.

தபால் வந்த அன்று வீட்டில் அத்தை மட்டும்தான் இருந்தாள். என் அப்பாவின் தங்கை. புருஷனை இழந்து, மறுதாலி கட்டிப் போக வழியில்லாமல் இளவயதிலேயே திரும்பி வந்து, எங்களை வளர்த்தவள். எழுத்து வாசனை கிடையாது. தங்கை குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போயிருந்தாள். கட்டு, கடல் தாண்டி, ரயில் மாறி, எந்த மழையில் யார் தோளில் நனைந்ததோ, ஊறிப் பெருத்து வந்திருக்கிறது. மாப்பிள்ளை நகல் எடுக்க வைத்த கார்பன் தாளை உள்ளேயே மறந்துவிட்டார். அந்தக் கறுப்பு கரைந்து, உறையின் நாலு விளிம்பிலும் கசிந்து நின்றிருக்கிறது. தபால்காரர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு படியேறாமல் தெருவிலேயே நின்றாராம்.

“இலங்கைத் தபால் ஆச்சி. ஓரம் கறுத்திருக்கு” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

அவர் சொன்னது பொய்யுமில்லை. அத்தை பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு வாங்கியிருக்கிறாள். வாசலில் நின்றபடியே, இலங்கையிலிருந்து நமக்குக் கறுப்பு ஓரத்தில் எழுத வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். பிறகு உறையோடு சேர்த்து, குறுக்கே, ஒரே இழுப்பாகக் கிழித்து வேலியோரம் போட்டுவிட்டாள். ஊறின தாள்; துணிபோலக் கிழிந்திருக்கும்.

எனக்கு ஆள் வந்து சொன்னபோது மெஷினில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வீட்டு முன்னால் ஏழெட்டுப் பெண்கள் கூடியிருந்தார்கள். அத்தை சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். குரல் அதற்குள் கம்மிப்போயிருந்தது. தங்கை முற்றத்தில் நின்றாள். யாரோ அவள் தலையில் இரண்டு குடம் ஊற்றிவிட்டிருந்தார்கள். கூந்தலிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் தாலி இருந்தது, கையில் வளையல் இருந்தது, பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை வேப்பங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தது.

வேலியோரம் குனிந்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. அச்சில் கட்டிய கறுப்பு இப்படி வழியாது. அதற்கு ஒரு விறைப்பு உண்டு, மூலையில் ஒரு கூர்மை உண்டு. இது கண்மை அழிந்ததுபோல இருந்தது. உள்ளே மாப்பிள்ளையின் கை. ‘நான் இங்கு சௌக்கியம்’ என்ற வரியில் ‘நான் இங்கு’ ஒரு பாதியிலும் ‘சௌக்கியம்’ மறு பாதியிலும் இருந்தது. சத்தமாகப் படித்தேன். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றார்கள். தங்கை கேட்டது ஒன்றே ஒன்று.

“தேதி என்ன போட்டிருக்கு?”

சொன்னேன். பன்னிரண்டு நாள் முந்திய தேதி. அவள் விரலை மடக்கி ஏதோ எண்ணினாள். கையைப் பிடித்திருந்த அம்மாளிடமிருந்து கையை விடுவித்துக்கொண்டு, கூந்தலை முறுக்கிப் பிழிந்தாள். “ஒரு தட்டு எடுத்துட்டு வாங்க அத்தே” என்றாள். பிறகு வேலியோரம் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினாள். அவள் அன்று அழவே இல்லை. அரை நாள் விதவையாக இருந்தவளுக்கு அதைப்பற்றிப் பேச அப்புறமும் நேரம் கிடைக்கவில்லை.

மனுப் பக்கங்கள் போனால் வேறு வாங்கலாம். கிழிசல், பிறப்புப் பத்திரத்தில் தாயார் பெயர் இருந்த வரியின் நடுவே போயிருந்தது. எழுத்துக்களின் மேல்பாதி ஒரு தாளில், கால்கள் இன்னொரு தாளில். கொதிக்கிற சோற்றுப் பானையின் மூடிமேல் துணி விரித்து உலர்த்தினோம். நான் மெல்லிய தாளில் கஞ்சிப் பசை தடவி, எழுத்துக்களின் கால்களைத் தேடித் தேடிப் பொருத்தினேன். என் தொழிலே எழுத்தை எழுத்தோடு சேர்ப்பதுதான். இருந்தும் ஒரு நூல் பிசகிற்று. பெயர் படிக்க வந்தது, நொண்டிக்கொண்டு வந்தது.

அதற்கப்புறம் தாலுகா ஆபீஸ். பத்திரம் இன்னின்ன விதமாகச் சேதமானது என்று ஓர் அதிகாரி முன்னிலையில் வாக்குமூலம் எழுதி, முத்திரை வாங்கி, ஒட்டிய பத்திரத்தோடு இணைத்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். முதல் நாள் போனேன், அதிகாரி வரவில்லை. இரண்டாம் நாள் போனேன், வந்துவிட்டுப் போய்விட்டிருந்தார். மூன்றாம் நாள் பியூன் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தலையை ஆட்டினான். நாலாம் நாள்தான் விஷயம் சொன்னார்கள்: சீசன் முடிகிறவரை அதிகாரிக்குக் குற்றாலத்தில் காம்ப். எந்தெந்த ஊரிலிருந்தோ பெரியவர்கள் குளிக்க வருகிறார்கள், அவர்களைக் கவனிக்கவேண்டும் அல்லவா. இந்த நாலு நாளும் குழந்தை ஒட்டிய தாளைக் காட்டி, “இது நானா மாமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் நான், தங்கை, அத்தை மூன்று பேரும் குற்றாலத்துக்கு பஸ் ஏறினோம். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். தபாலை வாங்கியவள் நேரில் வரவேண்டுமென்று சொல்லியிருந்தார்கள். மலை முகத்தைக் காட்டவில்லை. மேகம் தோள்வரை இறங்கியிருந்தது. மழை என்று சொல்ல முடியாத மழை, ஊசி முனையில் தொட்டுத் தொட்டு வைப்பதுபோல. எண்ணெய் தேய்க்கிறவர்கள் கிண்ணத்தை ஏந்தி எங்களையும் கூப்பிட்டார்கள். ஊரே குளித்துவிட்டுச் சிவந்த கண்ணோடு, ஈர வேட்டியோடு, பசியோடு சிரித்துக்கொண்டு போகிறது. நாங்கள் மூவர் மட்டும் நனையாமல் போகப் பார்க்கிறோம். தங்கை தாள்களைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை மெழுகுத்துணியால் சுற்றி, முந்தானைக்குள் மார்போடு அணைத்திருந்தாள். நான் குடையை அவளுக்குப் பிடிக்கவில்லை; பெட்டிக்குப் பிடித்தேன்.

பங்களா வராந்தாவில் குமாஸ்தா மேஜை போட்டிருந்தார். வயதான மனிதர், சளி பிடித்துக் கழுத்தில் துணி சுற்றியிருந்தார். பத்திரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். தபாலில் சேதமாகிவிட்டது என்று நான் ஆரம்பித்தேன்.

“தண்ணி இப்படிக் கிழிக்காது வே” என்றார். “தண்ணி நைக்கும், கரைக்கும். இது கை.”

நான் அத்தையைக் காட்டினேன். அவர் எழுதத் தொடங்கினார். நான் இன்னாருடைய அத்தை, இன்ன இடத்தில் வசிக்கிறவள், தபாலை நான்தான் வாங்கினேன், நான்தான் கிழித்தேன். எல்லாவற்றுக்கும் அத்தை தலையாட்டினாள். ஏன் கிழித்தீர்கள் என்று கேட்டார்.

“வேற மாதிரி நெனச்சிட்டேன் ஐயா.”

“வேற மாதிரின்னா?”

“அதான், ஒரு மாதிரி.”

“ஒரு மாதிரின்னா தாள்ல நான் என்னன்னு எழுத ஆச்சி?”

நான் சொல்லப் போனேன். குமாஸ்தா கையைக் காட்டி நிறுத்தினார். வாக்குமூலம் கொடுக்கிறவர் வாயால் வரவேண்டும், இல்லையென்றால் வேண்டுமென்றே கிழித்ததாகத்தான் அங்கே எடுத்துக்கொள்வார்கள் என்றார். அத்தை தூணைப் பிடித்துக்கொண்டாள். உயிரோடு இருக்கிற மனுஷனை, அவன் பெண்டாட்டி பக்கத்தில் நிற்க, சர்க்கார் தாளில் அப்படி ஒரு வார்த்தையால் சொல்ல அவளால் முடியவில்லை. அன்று வாசலில் ஊரைக் கூட்டி அழுதவள்தான். அது நம்பி அழுதது. இது தெரிந்தே சொல்வது. கடுதாசி கறுத்திருந்தது என்றாள், துக்கம் என்று நினைத்தேன் என்றாள். யாருக்குத் துக்கம், என்ன துக்கம் என்று அவர் கேட்டார். ஆகாதது நடந்துவிட்டதாக நினைத்தேன் என்றாள். ஆகாதது என்றால் ஆயிரம் இருக்கிறதே என்று அவர் பேனாவைக் கீழே வைத்தார். உள்ளே அதிகாரி செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. அவர் கிளம்பிவிட்டால் இன்னொரு நாள். இன்னொரு நாளும் இப்படியே.

தங்கை பெட்டியை மேஜைமேல் வைத்தாள்.

“எழுதிக்கிடுங்க ஐயா. என் வீட்டுக்காரர் செத்துப்போயிட்டாருன்னு நெனச்சு அத்தை கிழிச்சிட்டாங்க. செத்துப்போயிட்டாருன்னு. அவங்க அதுக்கு ஆமான்னு மட்டும் சொல்லுவாங்க.”

அருவிச் சத்தம் அதுவரை எனக்குக் கேட்கவில்லை; அப்போது கேட்டது. குமாஸ்தா அவளைப் பார்க்காமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“இறந்துவிட்டதாகன்னு போடுதேன் தாயி. மரியாதையா இருக்கும்.”

அத்தை ஆமாம் என்று சொல்லவில்லை. கைநாட்டு வைத்தாள். அவர் அதையே எடுத்துக்கொண்டார். அதிகாரி நின்றபடியே கையெழுத்துப் போட்டு, முத்திரை அடிக்கச் சொல்லிவிட்டு, அருவியைப் பார்த்த திசையில் போனார்.

வெளியே வந்ததும் அத்தை தங்கையின் கையைப் பிடித்தாள். சொன்ன வாயோடு வீட்டுக்கு வரக்கூடாது, அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வா என்றாள். பெட்டி நனைந்துவிடும் என்றாள் தங்கை. அவன் கையில் கொடு என்றாள் அத்தை. தங்கை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் பெட்டியைக் கொடுக்கவில்லை.

“இனி யாரு கையிலயும் குடுக்க மாட்டேன் அண்ணே. தபால்லயும் வேண்டாம். அடுத்த கப்பல்ல நானே கொண்டு போறேன்.”

காய்ச்சல் முழுசாக விடவில்லையே என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. எனக்கும் அலுத்துப்போயிருந்தது. அவள் எண்ணி வைத்திருந்த நாட்கள் அவளுக்குத்தான் தெரியும்.

அத்தை தனியாகப் போய்க் குளித்தாள். தான் சொல்லாத வார்த்தைக்காக அவ்வளவு நேரம் நின்றாள். கூட்டத்துக்கு நடுவே அந்த வெள்ளைச் சேலையை நான் இரண்டு முறை தவறவிட்டுக் கண்டுபிடித்தேன். பஸ்ஸில் தங்கை சன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். சொட்டச் சொட்ட ஏறிய அத்தை பக்கத்தில் உட்காரப் போய், பெட்டியைப் பார்த்து நின்று, இரண்டு வரிசை தள்ளி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பதினோராம் மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது அவள் மகளோடு கப்பல் ஏறினாள். விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று மாப்பிள்ளை மட்டும் போயிருக்கிறார்; அங்கிருந்த உத்தியோகஸ்தர் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். வாக்குமூலத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, எதிரே நின்ற மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தாராம். இந்த ‘இறந்துவிட்டதாக’ என்பது யார் என்று கேட்டாராம். நான்தான் என்றாராம் மாப்பிள்ளை. உத்தியோகஸ்தர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் கோப்பில் சேர்த்துக் கட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளையோடு இன்னொரு நாள் வரச்சொல்லி அனுப்பினாராம். போகப்போகிறோம் என்று தங்கை எழுதியிருந்தாள்.