வேஷம் கட்டிய கணினி

நேற்று என் மகள் மடிக்கணினியில் ஒரு சின்னச் சதுரத்தைத் திறந்தாள். அதற்குள் வெறும் நிரலாகவே இன்னொரு கணினி விழித்துக்கொண்டது. அவளுக்கு அதில் அதிசயமில்லை. எனக்கோ பழைய கணினியின் சூடேறிய தூசி வாசனை வந்துவிட்டது.

எண்பதுகளின் கடைசி. மலைமேல் ஜமுனாமரத்தூரில் காசநோய்க்கு மருந்து தரும் சிறு திட்டமொன்றில் நான் மேலாளர். பதவிதான் பெரிது, கணினி பற்றி ஒன்றும் தெரியாது. பக்கத்து அறையில் புளி மூட்டைகள் கிடந்ததால் எங்கள் காகிதங்கள்கூடப் புளி வாசனை அடிக்கும். எந்த ஊரில் யாருக்கு மாத்திரை தீர்கிறதென்று வாராவாரம் கணினி சொல்லும், ஜீப் கிளம்பும்.

ஒரு மழைக்காலத்தில் அந்தக் கணினி செத்தது. வந்த புதியதில் டாஸ் என்ற இயங்குதளம். எங்கள் புரோகிராமோ சிபிஎம் என்ற பழைய இயங்குதளத்தில்தான் ஓடும். எங்கள் திட்டத்து நர்ஸம்மா கதவருகே நின்று கேட்டார்:

"இன்னா சார் இது, மாத்திர நின்னா நோயி திரும்பிடுமே. காளியம்மாவுக்கு மருந்து முடிய ரெண்டே மாசந்தான் பாக்கி."

கணினியைப் பார்த்துக்கொண்ட வசந்தா கண்ணமங்கலத்துக்காரி. "புதுசுக்குப் பழசு மாரி வேஷம் கட்டிவுடலாம் சார். கூத்துல நம்மூரு ஆளு கிரீடம் வெச்சா துரியோதனன்னு நம்பறோமில்ல?" என்றாள்.

மெட்ராஸ் போய், பழைய ஃபிளாப்பித் தட்டைப் படிக்க ஒரு நிரலும், பழைய புரோகிராம் கேட்பதை டாஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்ல இன்னொன்றும் வாங்கிவந்தாள். ஓட்டினால் திரை முழுக்கக் கோணல்மாணல் எழுத்துகள். நான் தலையில் கைவைத்தேன். அவளோ, "உயிரு வந்துடுச்சு சார், பேச்சுதான் கொழறுது" என்று சிரித்தாள். புரோகிராமில் பழைய திரைக்கென்று இருந்த சைகைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் புதிய திரைக்கு மாற்றினாள். மலையில் கரண்ட் போகும். வந்ததும் முகம் சுளிக்காமல் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அந்தப் பொறுமை எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

ஒரு காலையில் வசந்தாவும் நர்ஸம்மாவும் டிரைவரும் நானும் மூச்சடக்கிப் பார்த்திருக்க, திரையில் நோயாளிகளின் பெயர்கள் மெல்ல மெல்ல இறங்கின.

"தோ, காளியம்மா!" என்று கத்தினார் நர்ஸம்மா. டிரைவர் ஜீப்பை எடுக்க ஓடினார்.

"பழைய மிஷினு செத்துடுச்சுன்னு புரோகிராமுக்கு இன்னும் தெரியாது சார்," என்றாள் வசந்தா.

காளியம்மா மருந்தை முடித்தாள். பிறகொரு சந்தை நாளில், சாமை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு நடந்தே வந்தாள்.

திட்டம் முடிந்தது, கட்டடமும் இல்லை. வசந்தா பெங்களூர் போனதாகக் கேள்வி. இன்று சிபிஎம் என்றால் கட்சியா என்கிறார்கள். எல்லாவற்றையும்விட, ஒரே திரைக்கு முன்னால் நாலு பேர் தோளுரச நின்று காத்திருந்த அந்த நிற்றல் போய்விட்டது. இப்போது ஆளுக்கொரு திரை.