வடக்குக் கதவும் ரோல்ஸ் தட்டும்

நீங்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை, சிரியுங்கள். பேய், பசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப்போய்த் தேத்தண்ணி போடுகிற ஆள்தான் நானும். ஆனால் இது இங்கே கனடாவில், அஜக்ஸில், பட்டப்பகலில், வீடியோக்காரர் பார்த்துக்கொண்டு நிற்க நடந்தது.

அக்காவின் மகள் பிறந்த நாளிலிருந்து அழுகை. டொக்டர்மார் ஒன்றுமில்லை என்றார்கள். நித்திரையில்லாமல் அக்கா நடைப்பிணமாகிவிட்டாள். ஞானஸ்நானம் கொடுத்தால் பிள்ளை அடங்கும் என்பதுதான் அவளுடைய கடைசி நம்பிக்கை. ஞானத்தகப்பன் நான்.

எங்கள் கோயில் அவ்வளவு பழசில்லை. ஆனால் கட்டியவர்கள் இங்கிலாந்துக் கிராமமொன்றின் மத்தியகாலக் கோயிலைப் பார்த்து அப்படியே கட்டியிருக்கிறார்கள். தடித்த கல் சுவர், ஒடுங்கிய யன்னல், வடக்குச் சுவரில் குனிந்து போகிற சின்னக் கதவு. அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் நடக்கும்போது, பிள்ளையை விட்டுப் பசாசு வெளியேற அந்தக் கதவைத்தான் திறந்து வைப்பார்களாம். கட்டடக்கலைப் பைத்தியமான எங்கள் ஃபாதர் ஒத்திகையன்று இதை விளக்கியபோது நான் போனில் ரோல்ஸுக்கு ஓடர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் சாப்பாட்டு மேசையை அந்தக் கதவோடு ஒட்டிப் போட்டு, ரோல்ஸ், பற்றிஸ், கட்லற் எல்லாவற்றையும் அதில் அடுக்கிவிட்டேன்.

"பசாசை விட்டுவிடுகிறீர்களா?" என்று ஃபாதர் கேட்டார். "விட்டுவிடுகிறேன்" என்றேன். தலையில் தண்ணீர் விழுந்ததும் பிள்ளை டக்கென்று அழுகையை நிறுத்தினாள். உடனே மேசை ஆடியது. வெளியிலிருந்து யாரும் கதவைத் தள்ளவில்லை, எங்கள் பக்கமிருந்துதான் யாரோ இடுப்பால் இடிப்பதுபோல் ஆடியது, நம்பினால் நம்புங்கள். கட்லற்றுகள் உருண்டன. பிள்ளை திரும்பவும் முகத்தைச் சுளித்தாள்.

"டேய், அது போக வழியில்லையடா! மேசையை இழுடா!" என்று அக்கா குளறினாள்.

இழுத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். மாசிமாதக் குளிர்காற்று உள்ளே அடிக்கவேண்டும்தானே? என் டை வெளிப்பக்கமாக நீண்டு நின்றது. கதவுக்கு நேரே, ஹீற்றர் போட்டபடி என் கார் நின்றது.

அன்றைக்குப் பிள்ளை நித்திரை கொண்டாள், அக்காவும் கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது பசித்தால் மட்டும்தான் அழுகிறாள்.

ஆனால் அடுத்த நாள், மில்லிக்கனுக்கு வேலைக்குப் போகிறேன், 401 ஹைவேயில் காருக்குள் நான் மட்டும்தான், பக்கத்து சீற்றுக்குப் பெல்ற் போடச் சொல்லிக் கார் ணிங் ணிங் என்று கத்துகிறது. கராஜில் காட்டினேன். பெடியன் கழற்றிப் பூட்டிப் பார்த்துவிட்டு, "சென்சர் நல்லாத்தான் இருக்கு அண்ணை. ஆரோ இருக்கினம் எண்டு காட்டுது" என்றான்.

அதற்குப் பிறகு காரில் ஏறியதும் முதலில் அந்தப் பெல்ற்றைத்தான் போட்டுவிடுவேன். போன கிழமை நான் ஏறும்போது அது ஏற்கெனவே போட்டிருந்தது.