வீட்டு வாசலிலிருந்து நேரம் சொன்ன சவரிமுத்து

சென்ற செவ்வாய்க்கிழமை காலை சவரிமுத்து அண்ணனின் மனைவி போன் செய்தார். "தம்பி, அண்ணன் போயிட்டாரு" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அது இன்னும் ஆறவில்லை.

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் ஒரு டிராவல்ஸில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். விமானம் ஏற எங்கள் ஊர்க்காரர்கள் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் மதுரைக்குப் போக வேண்டும். அங்கிருந்து சென்னைக்கு வானில் நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அண்ணன் அதை மட்டும் சொல்லி யாரையும் அனுப்பியதில்லை. வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று டிக்கெட் உறையின் மேல் பச்சை மையில் எழுதித் தருவார்.

"ப்ளேன் ஒரு மணி நேரந்தான் பறக்கும் அப்பு. அது நம்ம வாசலுக்கா வந்து ஏத்துது? பஸ்ஸு, ஆட்டோ, அங்கன காத்துக் கெடக்குறது, அம்புட்டையும் கூட்டித்தான் சொல்லணும்" என்பார்.

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. பலசரக்குச் சீட்டு மாதிரி இருக்கிறதாம். 'சென்னை ஒரு மணி நேரத்தில்' என்று கொட்டை எழுத்தில் புது உறை அச்சடித்தார். அதன் மேல் யாரும் எழுதக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்.

ஒரு நாள் தாடிக்கொம்புப் பூ விவசாயி ராசு போன் செய்தார். சென்னையில் அவருடைய தம்பி இறந்துவிட்டார். அண்ணன் அன்று மதுரைக்குப் போயிருந்தார். போனை எடுத்தவர் முதலாளி. "சாயங்காலம் ஆறு மணி ஃப்ளைட்டு. நாலரைக்குக் கெளம்புங்க, போதும்" என்றார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

ராசு போய்ச் சேர்வதற்குள் விமானம் பறந்துவிட்டது. பஸ் பிடித்து மறுநாள் சென்னை போனபோது தம்பியை எரித்து முடித்திருந்தார்கள்.

அவர் ஆபீசுக்கு வந்து கத்தினார். நேரம் சொன்னது இவர்தான் என்று முதலாளி அண்ணனைக் கைகாட்டினார். "நான் அன்னைக்கு மதுரையில இருந்தேன்" என்றார் அண்ணன். பிறகு என்னைப் பார்த்தார். வேலை போய்விடுமென்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றே அண்ணனை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அதன் பிறகு வேடசந்தூர் மில்லில் வாசல் காவல் வேலை பார்த்தார். வழியில் தாடிக்கொம்பில் ராசு பஸ் ஏறுவார். அண்ணன் பக்கத்தில் இடம் இருந்தாலும் உட்கார மாட்டார், நின்றே வருவார். "அந்தாளு முகத்தத்தான் பாக்க முடியல தம்பி" என்று அண்ணன் ஒருமுறை என்னிடம் சொன்னார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நேரே தாடிக்கொம்புக்குப் போனேன். ராசுவிடம் எல்லாவற்றையும், நான் வாய் திறக்காததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என்னுடன் கிளம்பினார்.

கல்லறைத் தோட்டத்துக்கு முதலாளியும் வந்திருந்தார். துக்க முகத்தோடு குழிக்குள் போட ஒரு பிடி மண் அள்ளினார். ராசு அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒம் மண்ணு அவருக்கு வேணாம். போன்ல பேசுனது நீயாமில்ல. கீழ போடு."

அத்தனை பேர் முன்னால் அந்தக் கை திறந்தது. அந்த முகம் வெளிறியதைக் கண் நிறையப் பார்த்தேன். இத்தனை வருடமாக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. மனம் குளிர்ந்து நானும் மண் எடுக்கக் குனிந்தேன்.

"நீயும் போடாத" என்றார் ராசு.

வெறுங்கையோடு நிமிர்ந்தேன். ராசு மட்டும் இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அண்ணே, போய் வாருங்கள். முதலாளியையும் என்னையும் மன்னிக்காதீர்கள்.