கருவிக்கும் எட்டாத மூலிகை

மேலகரம் மங்களேஸ்வரி தென்காசியில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறார். யார் எதைக் கொண்டுவந்தாலும், கூடவே காய்ச்சி வடித்த வெறும் நீர் ஒரு குப்பியையும் சேர்த்துச் சோதிப்பார். ஊரை அளக்குமுன் தன் கையை அளக்க வேண்டுமாம்.

அவருக்குக் கல்லூரியில் பாடம் எடுத்த பரமேஸ்வரனுக்கு இதெல்லாம் அறிவியலே இல்லை. புதிதாக ஒரு பொருளை உண்டாக்குவதுதான் வேதியியல், இருப்பதை அளந்து சொல்வது தராசுக்கடை வேலை என்பார். தராசு இல்லாமல் அவர் எதையும் உண்டாக்கியதில்லை என்பது வேறு விஷயம்.

போன சீசனில் குற்றாலம் லாட்ஜ்காரர் குத்தாலிங்கம் ஒரு கேனோடு வந்தார். தன் லாட்ஜ் குழாயில் வருவது அருவித் தண்ணீர், அதில் மூலிகை இருப்பதாகச் சான்று வேண்டும் என்றார். என்ன மூலிகை என்று கேட்டதற்கு, அது உலகத்துக்கே தெரியுமே என்றார். அறிக்கையில் இரண்டே வரி. மூலிகைச் சத்து: கண்டறியப்படவில்லை. குளோரின்: கண்டறியப்பட்டது.

“அப்போ மூலிகை இல்லைங்கியளா?”

“இல்லைன்னு சொல்லல அண்ணாச்சி. என் கருவிக்கு எட்டுற அளவுக்கு இல்லைன்னு சொல்லுதேன். அதுக்குக் கீழ எனக்குத் தெரியாது.”

தெரியாது என்று கையெழுத்துப் போட்டுத் தருகிற தொழில் அபூர்வம். குத்தாலிங்கம் மகிழ்ச்சியோடு வாங்கிப் போனார். மறுவாரம் லாட்ஜ் வாசலில் போர்டு ஏறியது: ‘கருவிக்கும் எட்டாத மூலிகைத் தண்ணீர். சோதித்தவர் மங்களேஸ்வரி, எம்.எஸ்சி.’

பரமேஸ்வரன் போன் போட்டுச் சிரித்தார். மங்களேஸ்வரி சிரிக்கவில்லை. கையெழுத்தின் மேல் நம்பிக்கை போனால் அந்தக் கூடத்தில் மிஞ்சுவது நாலு குப்பிதான். குளோரின் பட்டால் மஞ்சளாகும் சோதனைச் சொட்டுப் புட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினார்.

லாட்ஜ் வரவேற்பு மேஜையில், சாவி வாங்க நின்றவர்கள் முன்னால், மூன்று கிளாஸ் வைத்தார். அருவியில் பிடித்தது ஒன்று, லாட்ஜ் குழாயில் பிடித்தது ஒன்று, வழக்கமான வெறும் நீர் ஒன்று. சொட்டு விட்டதும் லாட்ஜ் கிளாஸ் மட்டும் மஞ்சளானது.

“நீங்க எழுதினதத்தான மேடம் போட்டேன்” என்றார் குத்தாலிங்கம்.

“பாதியத்தான போட்டிய. அருவிக்கு யாரும் பிளீச்சிங் பவுடர் போடுததில்ல அண்ணாச்சி, இது பஞ்சாயத்துத் தண்ணி. என் பேரு இருக்கட்டும். ரெண்டாவது வரியையும் எழுதுங்க.”

கைக்குழந்தையோடு நின்ற ஒருவர், குளோரின் போட்ட தண்ணீர் என்றால் இங்கேயே அறை கொடுங்கள் என்றார். குத்தாலிங்கத்துக்கு ஞானம் பிறந்தது. மறுநாளே புதுப் போர்டு: ‘குளோரின் கலந்த சுத்தமான குழாய்த் தண்ணீர்.’ கீழே அதே பெயர்.

மங்களேஸ்வரி மறுபடியும் பஸ் ஏறினார். ‘சுத்தமான’ என்பதைத் தான் சோதிக்கவில்லை என்று சொல்லி, அந்த ஒரு சொல்லின் மேல் வெள்ளை அடிக்க வைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

அந்த வெள்ளையைப் பரமேஸ்வரனும் போய்ப் பார்த்திருக்கிறார் போல. அடுத்த வாரம் அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு கேனில் தராசுக்கடைக்கு வந்து சேர்ந்தது.